பானெட்டைத் திறப்பதற்கு முன்பே

கோளாறு என்னவென்பதைக் கோளாறு வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருக்கும் ஓர் இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. பார்த்தால் தெரியாது. உங்களையும் பக்கத்து வீட்டுக்காரரையும் போலவே சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகும், சாயங்காலம் பால் பாக்கெட்டோடு திரும்பி வரும். ஆனால் தெருவோரத்தில் எங்கேயாவது ஒரு வண்டி நின்று, அதன் பானெட் மேலே தூக்கப்படட்டும், எந்தச் சந்திலிருந்து முளைத்தது என்று தெரியாமல் வந்து நிற்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளும். தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கும். பாவப்பட்ட வண்டிக்காரர், "நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, திடீர்னு..." என்று வாயைத் திறக்கும்போதே, "பம்ப்பு" என்று சொல்லிவிடும்.

கவனித்தீர்களா? 'பம்ப்பாக இருக்கலாம்' இல்லை. 'பம்ப்பைப் பார்த்தீர்களா' இல்லை. பம்ப்பு. தீர்ப்பு சொல்லியாகிவிட்டது, எல்லோரும் கலைந்து போகலாம்.

இந்த இனத்துக்கு நல்ல உதாரணம் ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் குடிநீர் அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் நம்முடைய ஆளைத்தான் காட்ட வேண்டும். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. அலுவலகம் முழுக்க அவருக்கு 'அதேதான்' என்றுதான் பெயர். காரணம் சுலபமானது. அவர் ஒன்று சொல்வார். அது வேறொன்றாக முடியும். முடிந்தவுடன் அவர், "அதேதான். நான் சொன்னது அதேதான்" என்பார்.

ஜெராக்ஸ் மெஷின் காகிதத்தைத் தின்றபோது ரோலர் தேய்ந்துவிட்டது என்றார். பழுதுபார்க்க வந்தவர் திறந்து உள்ளேயிருந்து ஒரு குண்டூசியை எடுத்து மேசையில் வைத்தார். "அதேதான். ரோலர் பக்கம்தானே பாக்கச் சொன்னேன்" என்றார். கணக்குப் பிரிவுக்காரருக்கு இடுப்பு வலி வந்தபோது தலையணை சரியில்லை என்றார். டாக்டர் சிறுநீரகத்தில் கல் என்றார். நம்மவர் அசருவாரா? "அதேதான். தலகாணி சரியில்லன்னா தூக்கம் வராது. தூக்கம் வரலன்னா பகல்ல மந்தமா இருக்கும், தண்ணி குடிக்க மறந்துடுவாரு. கல்லு வராம என்ன செய்யும்?" என்றார். கணக்குப் பிரிவுக்காரருக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது, சிரித்ததில் வலி இன்னும் கூடியது.

வீட்டில் அவருடைய மனைவி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். குழாய் ஒழுகினாலும் மிக்ஸி புகைந்தாலும் கணவர் காதில் போடுவதில்லை. அவர் அலுவலகத்துக்குக் கிளம்பித் தெருமுனையைத் தாண்டியதும் அம்மணி பிளம்பருக்கோ மிக்ஸிக்காரருக்கோ போன் செய்வார். அவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். 'நம் வீட்டில் மட்டும் எதுவும் கெட்டுப்போவதே இல்லை, பராமரிப்பு அப்படி' என்று அவர் வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அம்மணி மறுத்துப் பேசியதில்லை.

இவ்வளவு பெரிய ஞானம் அவருக்கு எங்கேயிருந்து வந்தது? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை அதிகாரியின் ஜீப் நடுவழியில் நின்றுவிட்டது. டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நம்மவர் பானெட்டைத் திறந்து, ஒரு கல்லை எடுத்து, எதன் மேலோ தட்டினார். ஜீப் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அதிகாரி அவர் தோளில் தட்டினார். அந்த இரண்டு தட்டுகளில்தான் அவருடைய படிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. கல்லால் எதைத் தட்டினோம் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஆனால் அன்றைக்கு அத்தனை பேர் தன்னைப் பார்த்த பார்வை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதை இன்னொரு தடவை பார்க்கத்தான் ஆள் இத்தனை வருஷமாக அலைகிறார்.

கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். உதவி என்றால் ஓடி வருவார். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

அவருக்கு ஒரே தங்கை. தங்கையும் அவளுடைய கணவனும் முட்டை மொத்த வியாபாரம் செய்கிறார்கள். மாப்பிள்ளை குடோனில் உட்கார்ந்து முட்டையை எண்ணி அடுக்குவார், தங்கை அவற்றை ஒரு பழைய பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் கடை கடையாகவும் பேக்கரி பேக்கரியாகவும் இறக்குவாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான். ஆனால் அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு ஒரு தனிக் களை வந்துவிடும். அடுப்பு, கணக்கு, மாமியார் மாத்திரை, எல்லாவற்றையும் குடோன் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகிற மாதிரி இருக்கும் அவளுக்கு. ஒரு தட்டு முட்டைகூட உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பாள் என்று பேக்கரிக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

அந்த பிக்கப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவரே நம்மவர்தான். விற்கிறவன் வீட்டு வாசலில் அதை மூன்று சுற்றுச் சுற்றினார். டயரை உதைத்தார். கதவைத் திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டார். "எஞ்சின் ரத்தினம்" என்றார். விற்கிறவனே கொஞ்சம் திகைத்துத்தான் போனான். வண்டி வீட்டுக்கு வந்த அன்று தங்கைக்கு ஒரு பரிசும் கொடுத்தார், மடக்கி வைக்கிற ஸ்பானர், ஸ்குரூடிரைவர், குறடு, காற்று பார்க்கும் மானி, ஒரு குட்டி டார்ச் எல்லாம் கோத்த கனமான சாவி வளையம். "நடுவழியில நின்னா உதவும்" என்று சொல்லி, குடோனின் இரண்டு பூட்டுச் சாவிகளையும் கடை ஷட்டர் சாவியையும் வீட்டுச் சாவியையும் அதிலேயே மாட்டிக் கொடுத்தார். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் தொலையாது பாருங்கள். வண்டியின் இன்னொரு சாவியைத் தன் மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு மூடிக்கொண்டார். "இது என்கிட்ட இருக்கட்டும். ஆபத்து அவசரத்துக்கு."

வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஒரு மழைக்காலத்தில், காலையில் அலுவலகத்தில் டீ வந்த நேரத்தில், தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, வண்டி நடுரோட்ல நின்னு போச்சு. நல்லா ஓடிட்டு இருந்துச்சு. பேக்கரிக்குத் திரும்புற எடத்துல ஒரு பள்ளம், அங்க எறங்கினதும் மீட்டர்ல இருக்கற லைட்டெல்லாம்..."

"பெட்ரோல்ல தண்ணி" என்றார் அண்ணன்.

"இல்லண்ணா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"தண்ணிதாம்மா. மழக் காலம். பங்க்ல மூடியச் சரியா போட்டிருக்க மாட்டான். ஃபில்டர மாத்து."

"திருப்பினதும் உடனே ஸ்டார்ட் ஆயிடுச்சுண்ணா. தண்ணின்னா..."

"கொஞ்சூண்டு தண்ணி" என்றார். போனை வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரிடம், "போன்லயே கண்டுபுடிச்சிட்டேன்" என்றார்.

ஃபில்டர் மாற்றப்பட்டது. சில நாட்கள் வண்டி நிற்கவில்லை. அண்ணன் நடையிலேயே ஒரு மிதப்பு தெரிந்தது. பிறகு ஒருநாள் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது தண்டவாளத்தின் மேலேயே நின்றது. திரும்பவும் சாவியைத் திருப்பியதும் ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் உறுமியது.

இந்தத் தடவை அவர் நேரிலேயே வந்தார். துவைத்த சட்டை, தோளில் ஒரு துண்டுத் துணி, கையில் நீளமான ஸ்குரூடிரைவர். இந்த ஸ்குரூடிரைவர் எதையும் திருகுவதற்கு அல்ல. அதன் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பதற்கு. "ரேஸ் பண்ணு" என்பார். தங்கை செய்வாள். "விடு" என்பார். விடுவாள். "ம்ம்... பண்ணு." கண்ணை மூடிக்கொள்வார். என்ன கேட்கும்? எஞ்சின் சத்தம்தான் கேட்கும், வேறென்ன கேட்கப் போகிறது. ஆனாலும் நாலைந்து தடவை தலையை ஆட்டிவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் எல்லாம் தெளிவாகிவிட்டிருந்தது.

"பிளக்கு."

"அண்ணா, நிக்கும்போது முன்னாடி லைட்டெல்லாம்..."

"பிளக்க மாத்தினா லைட்டும் சரியாயிடும்மா. ஒண்ணோட ஒண்ணு சம்பந்தப்பட்டது."

பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, தன்னுடைய ஒற்றைச் சாவியை எடுத்து, வண்டியை ஊரைச் சுற்றி ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்தார். பள்ளத்தில் இறக்கினார், திருப்பத்தில் திருப்பினார். நிற்கவில்லை. "பாத்தியா?" என்றார். அப்போது பிளக்கைக்கூட இன்னும் மாற்றியிருக்கவில்லை. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

விட்டு விட்டு வருகிற கோளாறு இருக்கிறதே, அது இந்த இனத்துக்குக் கிடைத்த புதையல். ஒரேயடியாக நின்றுபோன வண்டியிடம் பாச்சா பலிக்காது. நீங்கள் சொன்னது தப்பென்றால் அது ஓடாமல் கிடந்து உங்களை எல்லோர் முன்னாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் நினைத்தால் நிற்கிற, நினைத்தால் ஓடுகிற வண்டி அப்படியல்ல. எதை மாற்றினாலும் இரண்டு நாள் ஓடும். அந்த இரண்டு நாளும் உங்கள் வெற்றி. மூன்றாவது நாள் நின்றால்? அது புதுக் கோளாறு.

ஒர்க்‌ஷாப் மெக்கானிக் ஒருவர் இருந்தார். யார் எது சொன்னாலும் "மாத்திடலாம்ண்ணே" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வருவது அபூர்வம். 'பேட்டரி' என்றால் மாத்திடலாம்ண்ணே. 'பம்ப்பு' என்றால் மாத்திடலாம்ண்ணே. 'எர்த் வயரு' என்றால், அது எந்த எர்த் வயர் என்று கேட்காமலே மாத்திடலாம்ண்ணே. வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கும்போது ஒருதடவைகூட நின்றதில்லை. குடோன் திறக்க வேண்டுமே என்று தங்கை தன்னுடைய சாவிக்கொத்தைக் கையோடு கொண்டுபோய்விடுவாள், அண்ணனுடைய ஒற்றைச் சாவிதான் மெக்கானிக்கிடம் போகும். மெக்கானிக் ஓட்டிப் பார்ப்பார், அண்ணன் ஓட்டிப் பார்ப்பார், வண்டி சமர்த்தாக ஓடும். வீட்டுக்கு வந்து தங்கை எடுத்ததும் முதல் வேகத்தடையிலேயே நின்றுவிடும்.

நீங்களாக இருந்தால் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவீர்கள்? அவர் வந்த முடிவுக்கேதான் வந்திருப்பீர்கள் என்று பயமாக இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், முட்டைத் தட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்த குடோனில், மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து அவர் அதைச் சொன்னார். "மாப்ள, நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். ஃபில்டர் புதுசு. பிளக்கு புதுசு. பேட்டரி, பம்ப்பு, வயரு எல்லாம் புதுசு. நான் ஓட்டினா நிக்கல, மெக்கானிக் ஓட்டினா நிக்கல. வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஓட்டுற ஆளுதான்."

மாப்பிள்ளை சாதுவான மனிதர். மனைவியின் அண்ணன் சொன்னால் மறுபேச்சு இல்லை. "ஓட்டுற ஆளுன்னா, மச்சான்?"

"கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுறது. திரும்பும்போது பதறுறது. லேட்டா கத்துக்கிட்டாங்கன்னா அப்படித்தான். ஒரு டிரைவரப் போட்டுடுங்க. தண்டவாளத்து மேல நின்ன வண்டி, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

கடைசியாகச் சொன்ன அந்த வாக்கியத்தில் நிஜமான பயம் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. தங்கை மேல் அவருக்குப் பாசம் அதிகம். ஆனால் 'எனக்குக் காரணம் தெரியவில்லை, அதனால் பயமாக இருக்கிறது' என்று சொல்வதற்கு அவருக்கு வாய் வராது. அதனால் 'உனக்கு ஓட்டத் தெரியவில்லை' என்று சொல்லிவிட்டார்.

தங்கை கையிலிருந்த முட்டைத் தட்டைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. "எனக்கு ஓட்டத் தெரியலங்கறீங்களா?"

"தெரியலன்னு யாரும்மா சொன்னா? பழக்கத்தச் சொல்றேன்."

"அண்ணா, ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க. அது நிக்கும்போது..."

"மொதல்ல நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா" என்றார் அவர், மிகுந்த அன்போடு.

மாப்பிள்ளை அன்றைக்கே ஒரு டிரைவருக்குச் சொல்லி வைத்தார். திங்கட்கிழமையிலிருந்து வருவதாகப் பேச்சு. தங்கை குடோனை ஒட்டியிருந்த வீட்டுக்குள் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள் என்பது மாப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது. அந்த ஸ்டியரிங் போய்விட்டால் அப்புறம் அவளுக்கு அந்த நாலு சுவர்தான். அண்ணன் அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே டீயைக் குடித்து முடித்தார்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அன்றைக்குப் பார்த்துப் பெரிய பேக்கரி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு முட்டை கேட்டிருந்தது. டிரைவர் நாளைக்குத்தான் வருவார், தங்கையை ஓட்டவிட மாப்பிள்ளைக்குத் தயக்கம். கவலை எதற்கு? அண்ணன் எதற்கு இருக்கிறார்?

"நான் ஓட்டுறேன். நீ பக்கத்துல ஒக்காந்து பாரு. கை எப்படிப் போகுது, கால் எப்படிப் போகுதுன்னு கவனி" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். அதில் கண்ணாடி மட்டுமே இருந்தது. வயர் மாற்றக் கொடுத்தபோது அந்தச் சாவி மெக்கானிக்கிடமே தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப் கிடையாது.

தங்கை தன்னுடைய சாவிக்கொத்தை நீட்டினாள்.

குடோனிலிருந்து மெயின் ரோடு வரை நன்றாகப் போனார்கள். "பாத்தியா, கிளட்ச்ல காலே இல்ல" என்றார். மெயின் ரோட்டில் திரும்பினார்கள். "திரும்பும்போது பதறவே கூடாது" என்றார். மேம்பாலத்தில் ஏறினார்கள். பாலத்தில் இரண்டு பாகம் சேருகிற இடத்தில் ஒரு இரும்புப் பட்டை இருக்குமே, அதன் மேல் சக்கரம் தடக்கென்று ஏறி இறங்கியது. எஞ்சின் நின்றது.

வண்டி ஏற்றத்தில் பின்னால் நகரப் பார்த்தது. அவர் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தார். முட்டைத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின. பின்னால் ஒரு பஸ் தன் மூக்கு இடிக்கிற தூரத்தில் வந்து நின்று ஹார்ன் அடித்தது.

"பாரம்" என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "பாரத்த ஒரு பக்கமா ஏத்திட்டாங்க."

சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒழுங்காக உறுமியது. நாலு வண்டி நீளம் போனார்கள், அடுத்த இரும்புப் பட்டை வந்தது. திரும்பவும் நின்றது.

"நீ பேசாம இரு. பேசிக்கிட்டே வந்தா ஓட்டுறவனுக்குக் கவனம் போகும்."

தங்கை குடோனை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஒரு சொல்கூடப் பேசியிருக்கவில்லை.

ஹார்ன் சத்தம் பின்னால் நீண்டுகொண்டே போனது. நம்மவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஃபில்டரா? புதுசு. பிளக்கா? புதுசு. பம்ப்பு, பேட்டரி, வயர், எல்லாம் அவர் வாயால் மாற்றச் சொல்லி மாற்றியவை. கடைசியாக அவர் மாற்றச் சொன்ன பாகம் ஓட்டுகிற ஆள். அதையும் மாற்றியாயிற்று. புதிதாகப் போட்ட அந்தப் பாகம் அவரேதான்.

சொல்வதற்கு இனி எதுவும் பாக்கி இல்லை.

"என்னண்ணா காரணம்?" என்று தங்கை கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் அவரைக் குத்தியது.

அவர் வாயைத் திறந்தார். அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. 'தெரியல' என்று நான்கே எழுத்து, குழந்தைகள்கூடச் சொல்வது. அது அங்கேயே நின்றுகொண்டு வெளியே வர மறுத்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கோளாறான ஒரு வண்டிக்குள் அவர் சும்மா இருந்தார். அந்த இடைவெளியில்தான், மழைக்காலத்தில் ஆரம்பித்த வாக்கியத்தைத் தங்கை முடிக்க முடிந்தது.

"நிக்கும்போது மீட்டர்ல இருக்கற லைட்டெல்லாம் சேந்து அணைஞ்சிடுதுண்ணா. மொதல் நாளே சொல்ல வந்தேன். பெட்ரோல் வரலன்னா எஞ்சின்தானே நிக்கணும், லைட்டு ஏன் அணையணும்? அதுவும் பள்ளத்துல, இல்லன்னா திரும்புறப்ப. சாவியத் தொட்டதும் சரியாயிடுது. ஒர்க்‌ஷாப்ல நிக்காது, ஒங்க கையிலயும் நிக்காது. இன்னிக்கு ஒங்க கையிலயே நிக்குது. இன்னிக்கு என்ன வேற?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். சாவித் துவாரத்திலிருந்து அந்தக் கொத்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. ஸ்பானர், ஸ்குரூடிரைவர், குறடு, மானி, டார்ச், அதோடு ஒரு குடோன், ஒரு கடை, ஒரு வீட்டின் சாவிகள்.

தங்கை உள்ளங்கையை அதன் கீழே வைத்துத் தாங்கினாள். மீட்டர் விளக்குகள் எரிந்தன. கையை விலக்கி, கொத்தை லேசாக ஒரு சுண்டு சுண்டினாள். எல்லாம் அணைந்தன. தாங்கினாள், எரிந்தன. சுண்டினாள், அணைந்தன. சாவியைத் திருப்புகிற இடம் உள்ளே தேய்ந்துபோய், அந்தக் கனத்தைத் தாங்க முடியாமல், குலுங்கும்போதெல்லாம் மின்தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. எஞ்சினுக்கு ஒன்றுமே இல்லை. அது ரத்தினம்தான்.

அவள் நகம் வலிக்க வளையத்தைப் பிரித்து வண்டிச் சாவியை மட்டும் கழற்றினாள். மிச்சக் கொத்தை அண்ணன் மடியில் வைத்தாள்.

"எறங்கி இந்தப் பக்கம் வாங்கண்ணா. நான் ஓட்டுறேன்."

பஸ் டிரைவர் பார்த்துக்கொண்டிருக்க, பாலத்தின் மேல் அவர் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, இந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தார். மடியில் கொத்து கிடந்தது. எவ்வளவு கனம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பாலத்தில் இன்னும் எத்தனையோ இரும்புப் பட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் தடக் என்று ஏறும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வண்டி நிற்கவில்லை. தங்கையின் கால் கிளட்சில் இல்லை என்பதையும் அவர் பார்த்தார். அது ஒருபோதும் அங்கே இருந்ததில்லை.

பேக்கரியில் எல்லாத் தட்டையும் இறக்கிய பிறகு அவள் சொன்னாள். "ஒண்ணே ஒண்ணுண்ணா. எனக்கு ஓட்டத் தெரியும்னு அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா எடுபடாது. நீங்க சொன்னதத்தான் அவரு கேப்பாரு."

அவர் தலையை ஆட்டினார். குடோனுக்குத் திரும்பியதும் மாப்பிள்ளை வாசலுக்கு ஓடி வந்தார். ஓட்டும் இடத்தில் மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்தார்.

"என்ன மச்சான், நின்னுச்சா?"

"டிரைவர வேணாம்னு சொல்லிடுங்க மாப்ள" என்றார் அண்ணன். "அவ நல்லா ஓட்டுறா. தப்பு அவமேல இல்ல."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வியர்த்துவிட்டது. தங்கைக்குக் கண் கலங்கியது. 'தப்பு என்மேல்' என்ற மிச்சப் பாதியும் வரும் என்று அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அண்ணன் மனிதர்தான், அன்றைக்கு அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

"அப்ப என்னதான் கோளாறு மச்சான்?"

அவர் கையிலிருந்த கொத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு விநாடி என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம்.

"அதேதான்" என்றார். "வயருன்னு சொன்னேன்ல? அந்த வயரு எங்க போய் முடியுது? சாவிலதான்."

திங்கட்கிழமை அலுவலகத்தில் இது இன்னும் நன்றாக வளர்ந்திருந்தது. மேம்பாலத்தின் நடுவில் வண்டி நின்றபோது தான் பானெட்டைக்கூடத் திறக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே, சாவியை ஒரு சுண்டு சுண்டிக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். மேசையைச் சுற்றி நின்றவர்கள் பார்த்த பார்வை, அந்தக் காலத்தில் ஜீப்பைச் சுற்றி நின்றவர்கள் பார்த்த மாதிரியே இருந்தது. சாவி வளையம் யார் கொடுத்தது என்பதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இப்போது அது குடோன் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. ஒர்க்‌ஷாப்பிலிருந்த இன்னொரு சாவியைத் தங்கை போய் வாங்கிக்கொண்டாள். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குத் திருப்பித் தரவில்லை. ஆபத்து அவசரத்துக்குத் தன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

இவ்வளவு நேரம் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் போவதற்கு முன் ஒன்று. மழைக்காலத்தில் அந்த வண்டி முதல் தடவை நின்றபோது, தங்கை பேசி முடிப்பதற்குள் உங்கள் மனசு ஏதோ ஒன்றைச் சொன்னதே, என்ன அது? ஃபில்டரா, காயிலா, கார்புரேட்டரா? 'எங்கள் மாமா வண்டியிலும் இதேதான்' என்று ஆரம்பிக்கப் போனீர்களா? அப்படியென்றால் ஸ்குரூடிரைவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வந்து வரிசையில் நில்லுங்கள். 'நான் அப்படியில்லை, சாவி வளையம் வந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று' என்று சொல்பவரா நீங்கள்? உங்களுக்கு வரிசையின் முன்னாலேயே இடம் ஒதுக்கியிருக்கிறது. அங்கே போய் நிற்பதற்கு முன், சமையலறைப் பக்கம் கொஞ்சம் காதைக் கொடுங்கள். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர், "ஏங்க, இது நிக்கும்போது..." என்று எப்போதோ ஆரம்பித்த வாக்கியம் இன்னும் முடியாமல் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.